சேர்வரில் இடம் எங்கே போகிறது?

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த குடும்பங்கள், போர் முடிந்த பிறகு கட்டம் கட்டமாகத்தான் திரும்பி வந்தன. காணி விடுவிக்கப்பட்ட இடங்களில் முதலில் பற்றை வெட்டினார்கள், பிறகு கிணறு இறைத்தார்கள், பிறகு வீடு கட்டினார்கள். சீமெந்தும் கம்பியும் பெயின்ற்றும் விற்கும் ஹாட்வெயார் கடைகளுக்கு அந்தப் பக்கத்தில் வேலை வந்தது அப்படித்தான். கீரிமலையில் அப்படியொரு கடையை மனதில் வைத்துக்கொள்வோம். பின்னறையில் யூபிஎஸ் ஒன்று, பக்கத்தில் தூசி படிந்த சேர்வர் ஒன்று. பில் போடும் மென்பொருள், இருப்புக் கணக்கு, யார் எவ்வளவு கடன் என்ற விவரம், வாசல் கமராவின் பதிவு எல்லாம் அதற்குள். ஒரு நாள் காலை பில் அடிக்கப் போனால், வன்தட்டில் இடமில்லை என்கிறது திரை. கணினி பார்க்கும் பெடியன் வந்து பழைய கோப்புகள் சிலவற்றை அழிக்கிறான். வேலை நடக்கிறது. மூன்று கிழமையில் மறுபடியும் அதே செய்தி.

“தம்பி, திரும்பவும் இடமில்லை எண்டு காட்டுது. இப்பதானே அழிச்சுத் தந்தனீங்கள்?”

“அண்ணை, இந்த முறை ஒண்டையும் அழிக்காதையுங்கோ. முதல்ல என்ன பெருகுது எண்டு பாப்பம்.”

அந்தப் பெடியன் சரியான கேள்விக்கு வந்துவிட்டான். நிரம்பிய தட்டைக் கண்டதும் பெரும்பாலானோர் தேடுவது பெரிய கோப்பை. ஆனால் 80 ஜிகாபைட் அளவில் இரண்டு வருடமாக அசையாமல் கிடக்கும் பழைய படத்தொகுப்பு, போன மாதம் தட்டை நிரப்பியிருக்க முடியாது. இன்றைக்கு 3 ஜிகாபைட், அடுத்த கிழமை 9 ஜிகாபைட் என்று வளரும் சின்னக் கோப்புறைதான் நிரப்புகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் அளந்தால் போதாது. ஒவ்வொரு கோப்புறையின் அளவையும் இன்றைக்குக் குறித்துவைத்து, சில நாள் கழித்து மறுபடி குறித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். லினக்ஸ் சேர்வர் என்றால் ‘டியூ’ என்ற கட்டளை இந்த வேலையைச் செய்யும். விண்டோஸில் ட்ரீசைஸ், வின்டிர்ஸ்டாட் போன்ற மென்பொருள்கள் செய்யும்.

கீரிமலைக் கேணிக்கு வருகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சுண்ணக்கல்லுக்குள்ளால் நல்லதண்ணீர் இரவு பகலாக ஊறி வருகிறது. ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் இறங்கினாலும் வற்றுவதில்லை. யாரும் இறங்காத நாளிலும் கேணி பொங்கி வழிவதில்லை. ஊறுகிற நீர் பக்கத்துக் கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. இயங்கும் சேர்வரின் தட்டும் இப்படித்தான் இருக்கிறது. நிரல்கள் தாம் செய்வதை எழுதிவைக்கும் லொக் கோப்புகள், தற்காலிகக் கோப்புகள், மின்னஞ்சல் வரிசை, தரவுத்தளப் பதிவுகள், கமராப் படங்கள் ஒவ்வொரு நொடியும் வந்து சேர்கின்றன. வேறு ஏதோ ஒரு நிரல் அவற்றைச் சுருக்கியோ அழித்தோ வேறிடத்துக்கு மாற்றியோ வெளியேற்றுகிறது. தட்டு திரும்பத் திரும்ப நிரம்பினால், வரவு கூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் போக்கு அடைபட்டிருக்க வேண்டும். சிறிய கடைகளிலும் அலுவலகங்களிலும் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது.

சிறிய இடங்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இது என்று எண்ண வேண்டாம். 2023 ஆகஸ்ட் 29ஆம் திகதி, டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் உள்ள தன் 14 வாகனத் தொழிற்சாலைகளையும் நிறுத்த வேண்டி வந்தது. உதிரிப்பாக ஓடர்களைக் கையாளும் சேர்வர்களில் சில செயலிழந்திருந்தன. அதற்கு முந்திய வருடம் டொயோட்டாவுக்குப் பாகம் கொடுக்கும் நிறுவனமொன்று இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதனால் ஒரு நாள் உற்பத்தி நின்றிருந்தது. ஆகவே இந்த முறையும் பலருடைய சந்தேகம் அந்தப் பக்கம் போயிற்று. செப்டெம்பர் 6ஆம் திகதி நிறுவனம் சொன்ன காரணம் வேறு. ஆகஸ்ட் 27ஆம் திகதி நடந்த வழமையான பராமரிப்பில், தரவுத்தளத்தில் சேர்ந்திருந்த தரவுகளை அழித்து ஒழுங்குபடுத்தினார்கள். அப்போது தட்டில் இடம் போதாமல் பிழை ஏற்பட்டு அமைப்பு நின்றுவிட்டது. மாற்றுச் சேர்வருக்குப் போகலாம் என்றால், அதுவும் அதே அமைப்பில் ஓடியதால் அங்கும் அதே கோளாறு. கூடிய கொள்ளளவுள்ள சேர்வருக்குத் தரவை மாற்றிய பிறகுதான் ஆகஸ்ட் 30ஆம் திகதி தொழிற்சாலைகள் மறுபடி ஓடின.

இதில் வாசகர் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு: தட்டைக் காலி செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே இடம் தீர்ந்துபோனது. அழித்தால் இடம் கூடத்தானே வேண்டும்? தரவுத்தளங்களில் அப்படி நடப்பதில்லை. ஒரு இலட்சம் வரிகளை அழி என்று சொன்னால், தரவுத்தளம் முதலில் அந்த அழிப்பைத் தன் பரிவர்த்தனை லொக்கில் எழுதுகிறது. பாதியில் மின்சாரம் போனால் நடந்ததைத் திருப்பவோ முடிக்கவோ அந்தக் குறிப்பு வேண்டும். ஆகவே பெரிய அழிப்பு ஒன்று, அது முடியும் வரை தட்டில் கூடுதல் இடத்தைத் தின்கிறது. அழிந்த வரிகள் இருந்த இடமும் உடனே தட்டுக்குத் திரும்புவதில்லை. அடுத்த வரிகளுக்கென்று தரவுத்தளக் கோப்புக்குள்ளேயே வெற்றிடமாகக் கிடக்கும். 40 ஜிகாபைட் கோப்பில் பாதியை அழித்தாலும் கோப்பின் அளவு 40 ஜிகாபைட்டாகவே தெரியலாம். மிச்சம் இரண்டு ஜிகாபைட்தான் என்ற நிலையில் பழைய கணக்கை அழிக்க இறங்குகிறவர் இதை முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு மாயமும் உண்டு, அது லினக்ஸில் அடிக்கடி வரும். ‘டிஎஃப்’ என்ற கட்டளை தட்டு முழுக்க நிரம்பியதாகக் காட்டுகிறது. ‘டியூ’வை வைத்து எல்லாக் கோப்புறைகளையும் கூட்டிப் பார்த்தால் பாதிதான் வருகிறது. மிச்சப் பாதி எங்கே? லினக்ஸில் ஒரு கோப்பை அழிப்பது என்றால், கோப்புறையிலிருந்து அதன் பெயரை எடுப்பதுதான். ஏதாவது நிரல் அந்தக் கோப்பைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தால், பெயர் போன பிறகும் உள்ளடக்கம் தட்டில் இருக்கும். நிரல் தொடர்ந்து எழுதிக்கொண்டும் இருக்கும். ‘டியூ’ பெயர்களை வைத்துத் தேடுவதால் அதற்கு அது தெரியாது. ‘டிஎஃப்’ தட்டையே கேட்பதால் அதற்குத் தெரியும். 30 ஜிகாபைட் லொக்கை யாரோ அவசரத்தில் அழித்தார்கள், இடம் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். ‘எல்எஸ்ஓஎஃப்’ என்ற கட்டளை, அழிக்கப்பட்டும் திறந்தே இருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும். அந்த நிரலை ஒருமுறை நிறுத்தித் தொடக்கினால் இடம் அந்தக் கணமே திரும்பும். ஓடுகிற நிரலின் லொக்கை அழிக்காமல், அதன் உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்குவதே நல்ல பழக்கம்.

தட்டில் ஜிகாபைட் மிச்சமிருந்தும் இடமில்லை என்று வருவதுண்டு. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையில், ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்ற ஒரு பதிவேட்டு இடம் வேண்டும். தட்டை ஃபோர்மட் செய்யும்போதே எத்தனை ஐநோட் என்று முடிவாகிவிடுகிறது. வழமையாக 16 கிலோபைட்டுக்கு ஒன்று. 100 ஜிகாபைட் பிரிவில் அது சுமார் 65 இலட்சம். அனுப்ப முடியாமல் திரும்பிய மின்னஞ்சல்களும் இணையத்தள அமர்வுக் கோப்புகளும் ஆளுக்கொரு கிலோபைட் அளவில் இலட்சக்கணக்கில் குவிந்தால், தட்டின் பெரும்பகுதி காலியாக இருக்கும்போதே ஐநோட்கள் தீர்ந்துபோகும். அப்போதும் திரையில் வருவது அதே ‘இடமில்லை’தான். இதே எக்ஸ்ட்4 வழமையாகத் தட்டின் 5 சதவீதத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கிவைக்கிறது. ஒரு டெராபைட் தட்டில் அது 50 ஜிகாபைட். சாதாரணப் பயனர் முட்டி நிற்கும்போதும் நிர்வாகி உள்ளே நுழைந்து சரிசெய்ய அந்த இடம் உதவும்.

கோப்புகளின் எண்ணிக்கையால் வரும் சிக்கலுக்கு மிகப் பெயர்போன உதாரணம் பூமியிலேயே இல்லை. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, இறங்கிய 18ஆவது செவ்வாய் நாளில் திடீரென்று குழம்பியது. தன்னைத் தானே நிறுத்தித் தொடக்கிக்கொண்டிருந்தது. 60 தடவைக்கு மேல் அப்படி நடந்தது. இரவில் தூங்க வேண்டிய நேரத்திலும் விழித்திருந்து பற்றரியைத் தீர்த்தது. அதன் ஃபிளாஷ் நினைவகம் 256 மெகாபைட். அது நிரம்பியிருக்கவில்லை. பூமியிலிருந்து போன ஏழு மாதப் பயணத்தில் சேர்ந்த கோப்புகளும் தரையில் இறங்கிய பிறகு சேர்ந்தவையும் எண்ணிக்கையில் கூடிப்போய், கோப்புறைப் பட்டியலை ஏற்றிவைக்க வேண்டிய தற்காலிக நினைவகம் போதாமல் போனது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அந்தப் பட்டியலைப் படிக்க முயன்று, தோற்று, மறுபடி தொடங்கியது. பழைய கோப்புறைகளை அழிக்கும் சின்ன நிரலொன்றைச் சில நாளுக்கு முன் பூமியிலிருந்து அனுப்ப முயன்றிருந்தார்கள்; அது முழுமையாகப் போய்ச் சேரவில்லை. மறு முயற்சிக்குக் குறித்திருந்தது 19ஆவது நாள். கோளாறு ஒரு நாள் முந்திக்கொண்டது. பொறியாளர்கள் ஃபிளாஷைத் தொடாமலே தொடங்கு என்று கட்டளை அனுப்பி, கோப்புகளைக் குறைத்து, பிறகு ஃபிளாஷை முழுக்க ஃபோர்மட் செய்தார்கள். 90 நாளுக்கென்று அனுப்பிய ஊர்தி 2010 மார்ச் வரை பூமியோடு பேசியது.

இனி நம் கடைச் சேர்வருக்கு வருவோம். லொக் கோப்பு என்பது, சேர்வரில் ஓடும் ஒவ்வொரு நிரலும் தான் செய்ததையும் பட்ட துன்பத்தையும் எழுதிவைக்கும் நாட்குறிப்பு. ஒழுங்காக ஓடும் நிரல் ஒரு நாளைக்குச் சில மெகாபைட்தான் எழுதும். ஒரு பிழை வட்டமடித்தால் கதை மாறும். பிரிண்டரோடு தொடர்பு இல்லை என்ற 200 எழுத்து வரி ஒன்று நொடிக்கு 100 தடவை எழுதப்படுகிறது என்று கொள்வோம். நொடிக்கு 20 கிலோபைட். ஒரு நாளைக்கு 1.7 ஜிகாபைட், மூன்று கிழமைக்கு 36 ஜிகாபைட். சிறிய கடையின் சி டிரைவ் நிரம்ப அது தாராளம். இந்த நிலையில் லொக்கை அழிப்பவர் மூன்று கிழமை அவகாசம் வாங்குகிறார். லொக்கின் கடைசி ஐம்பது வரியைத் திறந்து வாசிப்பவர், பிரிண்டரின் முகவரி மாறியதைக் கண்டுபிடிக்கிறார்.

விண்டோஸில் பல வருடம் ஆட்களை அலைக்கழித்த ஒரு கோளாறு இதற்கு அச்சொட்டான சாட்சி. விண்டோஸ் 7, விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2 காலத்தில், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘டெம்ப்’பில் ‘கேப்’ என்று தொடங்கும் பெயரோடு சுமார் 100 மெகாபைட் கோப்புகள் நூற்றுக்கணக்கில் குவிந்து தட்டை அடைத்தன. அழித்தால் மறுபடி வரும். நிர்வாகிகள் பலர் கிழமைக்கொரு முறை அழிக்கும்படி தானியங்கிக் கட்டளையும் எழுதி வைத்தார்கள். மூலம் வேறு கோப்புறையில் இருந்தது. விண்டோஸ் தன் மேம்படுத்தல் லொக்கை அவ்வப்போது சுருக்கிவைக்கும். அந்த லொக் எப்படியோ 2 ஜிகாபைட்டைத் தாண்டிவிட்டால், சுருக்கும் கருவியால் அவ்வளவு பெரிய கோப்பைக் கையாள முடியாது. அது பாதியில் விழும். விழுந்த முயற்சியின் மிச்சம் டெம்ப்பில் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி முயலும். அந்த ஒரேயொரு பருத்த லொக்கை அகற்றியதும் எல்லாம் நின்றது. குவிந்த கோப்புகள் நூறு ஜிகாபைட்டைத் தொட்ட சேர்வர்களிலும் மூலகாரணம் இரண்டு மூன்று ஜிகாபைட்தான். பெரிசைத் தேடுகிறவருக்கு அது கடைசி வரை கண்ணில் படாது.

தரவுத்தளங்களின் பரிவர்த்தனை லொக் இதைவிடக் கவனமாகக் கையாள வேண்டியது. கணக்கு மென்பொருள்கள் பலவற்றுக்கு அடியில் ஓடுவது மைக்ரோசொஃப்ட்டின் எஸ்க்யூஎல் சேர்வர். அதன் ஸ்டாண்டர்ட் பதிப்பில் புதிதாக உருவாகும் தரவுத்தளம் ‘முழு மீட்பு’ முறையில்தான் பிறக்கிறது. அந்த முறையில் ஒவ்வொரு பில்லும் ஒவ்வொரு திருத்தமும் லொக்கில் நிற்கும். லொக்குக்கென்று தனியாக ஒரு பக்கப் எடுக்கும் வரை அந்த இடம் மறுபடி பயன்படாது. தினமும் இரவில் தரவுத்தளத்தை முழுசாகப் பக்கப் எடுக்கிறோமே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது லொக்கைக் குறைக்காது. ஆகவே 2 ஜிகாபைட் கணக்குக்கு 90 ஜிகாபைட் லொக் என்ற விசித்திரம் சின்ன அலுவலகங்களில் சாதாரணமாகத் தென்படும். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்திலும் இதன் உறவு ஒன்று உண்டு: மாற்றங்களைப் பதியும் பைனரி லொக்கை இயக்கிவிட்டால், 5.7 பதிப்பு வரை யாராவது சொல்லாமல் பழையதை அது தானாக அழிக்காது. 8.0இல்தான் 30 நாள் கழித்து அழிப்பது வழமையாயிற்று.

ஏன் இப்படிச் சேர்த்துவைக்கிறது? தட்டு பழுதானால், கடைசிப் பக்கப்புக்குப் பிறகு போட்ட பில்கள் அந்த லொக்கில் மட்டும்தான் இருக்கும். யாராவது அதைப் பத்திரமான இடத்துக்கு எடுத்துச் சென்றார்கள் என்று உறுதியாகும் வரை அதைக் கைவிட மென்பொருள் மறுக்கிறது. மைக்ரோசொஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சேர்வரும் இதே ஒழுங்கில் நடக்கிறது. 2007 பதிப்பிலிருந்து ஒவ்வொன்றும் ஒரு மெகாபைட்டாக லொக் கோப்புகளை அடுக்கிக்கொண்டே போகும். முறையான பக்கப் வெற்றியாக முடிந்தால் தானே அழித்துவிடும். எக்ஸ்சேஞ்ச், கோப்புப் பகிர்வு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு சிறு நிறுவனங்களுக்கென்று மைக்ரோசொஃப்ட் விற்ற ‘ஸ்மோல் பிஸ்னஸ் சேர்வர்’ 2011 பதிப்போடு நின்றுபோனது. அது ஓடிய காலம் முழுக்க அதைப் பராமரித்தவர்களின் ஓயாத புகார் சி டிரைவ் நிரம்புகிறது என்பதுதான். திறந்து பார்த்தால் பல இடங்களில் கண்டது, மாதக்கணக்கில் பக்கப் ஓடாமல் கிடந்ததை.

நிரம்பிய தட்டை இப்படிப் பார்ப்பதுதான் மிக முக்கியம். இடமில்லை என்ற செய்தி, பல நேரத்தில், பக்கப் நின்றுவிட்டது என்பதன் முதல் அறிகுறி. பெரிய தட்டு வாங்கிப் போட்டால் அந்த அறிகுறி மறைகிறது. பக்கப் இல்லாத நிலை அப்படியே இருக்கிறது.

பக்கப் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கை அரசே பட்டு அறிந்தது. 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி தெரியவந்த, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்குதலில், லங்கா கவர்மென்ட் கிளவுட் எனப்படும் அரச முகில் அமைப்பின் மின்னஞ்சல் சேவை பூட்டப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013. அப்போதே காலாவதியான பதிப்பு. அமைப்போடு இணைந்திருந்த பக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. சேவையை 12 மணித்தியாலத்துக்குள் மீட்டார்கள். ஆனால் இணைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட பக்கப், மே 17ஆம் திகதிக்குப் பிந்திய காலத்துக்கு இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. அரசுக்கே இது நடந்தது என்றால், கடன் கணக்கு முழுவதையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கும் கடைக்காரருக்கு எவ்வளவு பாடு வரும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அவசரத்தில் அழிப்பது வேறொரு ஆபத்து. மென்பொருள் எழுதுகிறவர்கள் தம் நிரல்களைச் சேமிக்கும் கிட்லாப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31ஆம் திகதி இரவு, தரவுத்தளத்தின் பிரதிச் சேர்வர் பின்தங்கிவிட்டது. அதைத் திரும்ப அமைக்க, அதன் தரவுக் கோப்புறையை அழிக்கப் போன பொறியாளர், தான் நிற்பது முதன்மைச் சேர்வரில் என்பதை ஒரு கணம் கழித்துத்தான் கண்டார். நிறுத்துவதற்குள் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது 4.5 ஜிகாபைட். தினசரிப் பக்கப் இருக்கும் என்று தேடினார்கள்; தரவுத்தளத்தின் பதிப்பும் பக்கப் கருவியின் பதிப்பும் பொருந்தாமல் அது பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களைப் பெறும் சேர்வர் நிராகரித்ததால் யாருக்கும் தெரியவில்லை. வேறொரு தேவைக்காகத் தற்செயலாக எடுத்திருந்த ஆறு மணித்தியாலம் பழைய பிரதி ஒன்று காப்பாற்றியது. கிட்லாப் இதையெல்லாம் மறைக்காமல் விரிவாக வெளியிட்டது. அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் கோப்புறை ஒன்று 2017 வரை ‘எக்ஸ்லொக்’ என்று பெயர் கொண்டிருந்தது. தரவுத்தளம் உயிரோடிருக்கத் தேவையான பரிவர்த்தனைப் பதிவுகள் அதற்குள்தான். இடம் தீர்ந்த பதற்றத்தில் ‘லொக்தானே’ என்று அதை அழித்துத் தரவுத்தளத்தையே கொன்றவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு வந்த 10ஆம் பதிப்பில் பெயரையே மாற்றிவிட்டார்கள். இடம் வேண்டும் என்றால், தரவுத்தளத்தின் கோப்புகளில் கைவைக்காமல், வேறு எங்காவது இருக்கும் டவுன்லோட்களையோ பழைய நிறுவல் கோப்புகளையோ முதலில் அகற்றுவது நல்லது. அதுவும் முடியாவிட்டால் வெளித்தட்டு ஒன்றை மாட்டி அங்கே நகர்த்தலாம். அழித்தது திரும்பாது, நகர்த்தியது திரும்பும்.

போக்கு அடைபடாமல், வரவே உண்மையில் கூடிய இடங்களும் உண்டு. கமரா அப்படி. நொடிக்கு 4 மெகாபிட் வீதம் பதியும் ஒரு கமரா நாளொன்றுக்கு 43 ஜிகாபைட் எழுதும். நான்கு கமரா என்றால் 173. இரண்டு டெராபைட் தட்டு 11 நாளில் முடியும். இதில் துப்பறிய ஒன்றுமில்லை. எத்தனை நாள் படம் வேண்டும் என்று முடிவெடுத்து, பழையதன் மேல் எழுதும்படி அமைத்தால் சரி. கணக்கு மென்பொருள் ஓடும் தட்டிலேயே கமராப் பதிவையும் வைப்பதுதான் தவறு. கமரா நிரப்பினால் பில்லும் நிற்கும். தனித் தட்டு, இல்லையேல் தனிப் பிரிவு கட்டாயம்.

எதையும் அழிக்கவே கூடாத இடமும் யாழ்ப்பாணத்தோடு தொடர்புடையதுதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழரின் நூல்களையும் பத்திரிகைகளையும் வருடி இணையத்தில் சேர்த்து வருகிறது. ஏ4 பக்கம் ஒன்றை 300 டிபிஐ அளவில் வண்ணத்தில் வருடினால், சுருக்காத படம் 26 மெகாபைட். 200 பக்க நூலுக்கு 5 ஜிகாபைட்டுக்கு மேல். வாசகர் பதிவிறக்கும் சுருக்கிய பிரதி அதில் மிகச் சிறிய பங்குதான். ஆவணப்படுத்தும் எந்த நிறுவனத்துக்கும் தட்டு நிரம்புவது வேலை நடக்கிறது என்பதன் அளவு. அங்கே பெரிய தட்டு வாங்குவதுதான் சரியான பதில், அதோடு அதே அளவில் வேறு ஊரில் இன்னொரு பிரதி.

கடைக்காரருக்கு வாங்குவதென்பது அவ்வளவு இலகுவல்ல. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டபோது 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. இறக்குமதியாகும் தட்டின் விலையும் கூடவே ஏறியது. அதே மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மின்வெட்டும் நிரம்பிய தட்டும் சேர்ந்தால் மிக மோசம். திடீரென்று நின்ற தரவுத்தளம் மறுபடி தொடங்கும்போது லொக்கை வாசித்துத் தன்னைச் சரிசெய்கிறது. அந்த வேலைக்கும் எழுத இடம் வேண்டும். இடமில்லாவிட்டால் தொடங்கவே மறுக்கலாம். சில நிரல்கள் தம் அமைப்புக் கோப்பை முதலில் வெறுமையாக்கிவிட்டுப் புதிதாக எழுதும். எழுத இடமில்லாமல் போனால் மிஞ்சுவது பூச்சிய பைட் கோப்பு. மைஎஸ்க்யூஎல் இடம் தீர்ந்ததும் விழாமல், நிமிடத்துக்கொரு முறை இடம் வந்ததா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்கும். கடையில் இருப்பவருக்கு அது மென்பொருள் உறைந்தது போலத் தெரியும். பொறுமை இழந்து சுவிட்சை அணைப்பார். அங்கேதான் உண்மையான சேதம் தொடங்குகிறது.

எஸ்க்யூஎல் சேர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2008 ஆர்2 முதல் 2022 பதிப்பு வரை அதில் ஒரு தரவுத்தளம் 10 ஜிகாபைட்டுக்கு மேல் வளர முடியாது. தட்டில் நூறு ஜிகாபைட் இருந்தாலும் எல்லையைத் தொட்டதும் பில் நின்றுவிடும்.

தடுப்பதற்குச் செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. லினக்ஸில் ‘லொக்ரொட்டேற்’ என்ற கருவியை, கிழமைக்கொரு முறை லொக்கை மாற்றிச் சுருக்கி நான்கு கிழமைக்கு மேற்பட்டதை அகற்றும்படி அமைக்கலாம். கடையின் சொந்த மென்பொருள் எழுதும் லொக்கையும் அதன் பட்டியலில் சேர்க்க மறந்துவிடுவதுதான் வழமையான தவறு. விண்டோஸில் ஐஐஎஸ் இணையச் சேர்வர் தன் லொக்குகளைத் தானாக அழிப்பதில்லை; அதற்கொரு நேரக் கட்டளை எழுத வேண்டும். 80 சதவீதம் தாண்டியதும் கைபேசிக்கு எச்சரிக்கை வரும்படி அமைக்கலாம். அந்த எச்சரிக்கையோடு நாளொன்றுக்கு எவ்வளவு கூடுகிறது என்பதும் தெரிந்தால்தான் பயன். 40 ஜிகாபைட் மிச்சம், நாளுக்கு 200 மெகாபைட் கூடுகிறது என்றால் ஆறு மாதத்துக்கு மேல் அவகாசம் உண்டு. நாளுக்கு 5 ஜிகாபைட் என்றால் எட்டு நாள்தான். அனுபவமுள்ள நிர்வாகிகள் சிலர் இரண்டு மூன்று ஜிகாபைட்டில் ஒன்றுக்கும் உதவாத வெற்றுக் கோப்பு ஒன்றை வேண்டுமென்றே தட்டில் போட்டு வைப்பார்கள். நள்ளிரவில் எல்லாம் நின்றால் அதை மட்டும் அழித்து, மூச்சு விட இடம் எடுத்துக்கொண்டு, நிதானமாகக் காரணத்தைத் தேடலாம்.

பக்கப்பைப் பொறுத்தவரை, வெளித்தட்டு ஒன்றை இரவில் மாட்டிப் பிரதி எடுத்து, காலையில் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது கடைக்காரரே செய்யக்கூடியது. கழற்றாமல் விட்டால், அரச முகிலின் பக்கப் போல அதுவும் சேர்ந்து பூட்டப்படலாம். இரண்டு தட்டு மாறி மாறி இருந்தால் இன்னும் நல்லது. மாதம் ஒருமுறை கணினி பார்க்கும் பெடியனைக் கூப்பிட்டு, அந்தத் தட்டிலிருந்து தரவுத்தளத்தை வேறொரு மடிக்கணினியில் ஏற்றச் சொல்லி, போன கிழமை போட்ட சீமெந்து பில் ஒன்றின் இலக்கத்தைக் கொடுத்து அது திறக்கிறதா என்று முன்னால் நின்று பார்க்கலாம். திறந்தால் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். திறக்காவிட்டால், வேறு எந்த வேலைக்கும் முன்னால், அன்றைக்கே அதைச் சரிசெய்ய வேண்டும்.